சர்க்கரை நோயில் ரத்தக்குழாய் பாதிப்புகள்: கண்டறிவது முதல் காப்பது வரை ஒரு முழுமையான வழிகாட்டி

சர்க்கரை நோய் உள்ள ஒருவரிடம் வெறும் வயிற்றில் சர்க்கரை எவ்வளவு என்று கேட்டால் தயங்காமல் சொல்லிவிடுவார். ரத்த அழுத்தம் எவ்வளவு, கெட்ட கொழுப்பு எவ்வளவு, சிறுநீரில் புரதம் கசிகிறதா, பாதத்தில் நாடித்துடிப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதில் வராது. இத்தனைக்கும் சர்க்கரை நோயாளிகளின் உயிரைப் பறிக்கும் காரணங்களில் முதலிடம் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற ரத்தக்குழாய் நோய்களுக்குத்தான். பார்வை இழப்பு, சிறுநீரகச் செயலிழப்பு, ஆறாத கால் புண் ஆகியவற்றின் பின்னாலும் பழுதடைந்த ரத்தக்குழாய்களே இருக்கின்றன.

இந்தப் பாதிப்புகள் ஆண்டுக்கணக்கில் ஓசையின்றி வளர்பவை. ஓசையின்றி என்றால், உரிய பரிசோதனை செய்தால் முன்கூட்டியே தெரிந்துவிடும், செய்யாவிட்டால் தெரியாது என்று பொருள். எதை, எப்போது, எப்படிப் பார்க்க வேண்டும், பாதிப்பு தெரிந்தால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதைப் படிப்படியாகச் சொல்வதே இந்தக் கட்டுரையின் நோக்கம். மருந்தைத் தொடங்குவதும் மாற்றுவதும் நிறுத்துவதும் உங்கள் மருத்துவரின் பொறுப்பு. அவரிடம் சரியான கேள்விகளோடு போவது உங்கள் பொறுப்பு.

ரத்தக்குழாய்க்குள் என்ன நடக்கிறது?

எல்லா ரத்தக்குழாய்களின் உட்புறத்தையும் ஒரே ஒரு செல் தடிமன் கொண்ட மெல்லிய படலம் மூடியிருக்கிறது. எண்டோதீலியம் என்பது அதன் பெயர். இந்தப் படலம் நைட்ரிக் ஆக்சைடு என்ற வேதிப்பொருளைச் சுரந்து குழாயைத் தேவைக்கேற்ப விரியச் செய்கிறது, ரத்தம் அதில் ஒட்டி உறையாமலும் பார்த்துக்கொள்கிறது. சர்க்கரை நெடுநாள் அதிகமாக இருந்தால் நைட்ரிக் ஆக்சைடு குறைகிறது, குழாயின் சுவர் விறைக்கிறது. சர்க்கரை புரதங்களோடு ஒட்டிக்கொண்டு உருவாக்கும் கூட்டுப்பொருட்கள் சுவரை மேலும் கடினமாக்குகின்றன. ரத்தத் தட்டணுக்கள் இயல்பைவிட எளிதில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. எல்.டி.எல். எனப்படும் கெட்ட கொழுப்பின் துகள்கள் சிறியனவாக, அடர்த்தியாக மாறி, பழுதான படலத்தின் வழியே சுவருக்குள் புகுந்து படிகின்றன. இவற்றோடு உயர் ரத்த அழுத்தமும் புகையிலையும் சேர்ந்தால் பாதிப்பின் வேகம் பல மடங்காகிறது.

பாதிப்பு இரண்டு அளவுகளில் நடக்கிறது. இதயத்துக்கும் மூளைக்கும் கால்களுக்கும் போகும் பெரிய தமனிகளில் கொழுப்பு படிந்து அடைப்பு உண்டாகிறது. விழித்திரை, சிறுநீரகம், நரம்புகள் ஆகியவற்றில் இருக்கும் நுண்குழாய்கள் கசியவோ மூடிக்கொள்ளவோ தொடங்குகின்றன. கால்களைப் பொறுத்தவரை சர்க்கரை நோய்க்கு ஒரு தனிப் போக்கு உண்டு. முழங்காலுக்குக் கீழே உள்ள தமனிகளை அது அதிகம் தாக்குகிறது, அவற்றின் சுவரின் நடு அடுக்கில் சுண்ணாம்புச் சத்தையும் படிய வைக்கிறது. இந்தச் சுண்ணாம்புப் படிவு பரிசோதனை முடிவையே பொய்யாக்கக்கூடும். அதைப் பின்னர் விரிவாகப் பார்ப்போம்.

வலியை ஏன் நம்பக் கூடாது?

எனக்கு இதுவே இந்த நோயின் மிகக் கொடிய தன்மையாகத் தெரிகிறது. ரத்த ஓட்டம் குறையும்போது எச்சரிக்க வேண்டியது நரம்பு. ஆனால் சர்க்கரை நோயில் அதே நரம்பும் சேர்ந்தே பழுதாகிறது. காவல்காரன் தூங்கிவிட்ட வீட்டில் திருட்டு நடப்பது போன்றது இது. உடலின் மிக நீளமான நரம்புகள் முதலில் பாதிக்கப்படுவதால் மதமதப்பு கால்விரல்களில் தொடங்கி மேலே ஏறுகிறது. செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் நடப்பவர்கள் இருக்கிறார்கள். முள் குத்தியதை, தோல் உரிந்ததை, கொப்புளம் வந்ததை அவர்கள் உணர்வதில்லை.

இதயத்துக்குப் போகும் தன்னியக்க நரம்புகள் பாதிக்கப்பட்டால் மாரடைப்புகூட நெஞ்சுவலி இல்லாமல் வரலாம். காலுக்கு ரத்தம் போதாத நிலையில் சாதாரணமாக நடக்கும்போது வரவேண்டிய கெண்டைக்கால் வலியும் வராமல் போகலாம். ஆகவே 'எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை' என்பது மகிழ்ச்சியான செய்திதான் என்றாலும், அது ரத்தக்குழாய்கள் நலமாக இருப்பதற்குச் சான்று ஆகாது. வலி செய்யவேண்டிய வேலையைக் கண்ணும் கையும் பரிசோதனை அட்டவணையும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

படி 1: உங்கள் எண்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

இரண்டாம் வகை சர்க்கரை நோய் கண்டுபிடிக்கப்படும்போதே அது சில ஆண்டுகளாக உடலில் இருந்திருக்கக்கூடும். அதனால் கண், சிறுநீரகம், கால் பரிசோதனைகளை நோய் தெரிந்தவுடனே செய்துவிட வேண்டும். முதல் வகையில் நோய் தொடங்கி ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு ஆண்டுதோறும் செய்வது வழக்கம்.

எச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனை, கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டுகிறது. கட்டுப்பாட்டில் இருப்பவர்கள் ஆண்டுக்கு இரண்டு முறையும், சிகிச்சை மாறியவர்கள் அல்லது இலக்கை எட்டாதவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் எடுக்க வேண்டும். ரத்தசோகை, அண்மையில் ரத்தம் ஏற்றிக்கொண்டது, சிறுநீரகச் செயலிழப்பு ஆகியவை இந்த எண்ணைத் திரித்துவிடும். வீட்டில் எடுக்கும் அளவுகளும் இதுவும் பொருந்தாமல் இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சிறுநீரகத்துக்கு இரண்டு பரிசோதனைகள் தேவை. ஒன்று சிறுநீரில் அல்புமின் என்ற புரதத்துக்கும் கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருளுக்கும் உள்ள விகிதம். மற்றொன்று ரத்த கிரியாட்டினினைக் கொண்டு கணக்கிடும் வடிகட்டும் திறன். கிரியாட்டினின் சரியாக இருக்கிறது என்ற நிம்மதியில் சிறுநீர்ப் பரிசோதனையை விட்டுவிடுபவர்கள் ஏராளம். ஆனால் பாதிப்பு பெரும்பாலும் முதலில் தெரிவது சிறுநீரில்தான். ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழ் அல்புமின் இருந்தால் இயல்பு. 300-ஐத் தாண்டினால் கடுமையான கசிவு. காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, கடும் உடற்பயிற்சி ஆகியவற்றால் தற்காலிகமாக உயரலாம் என்பதால், மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள் எடுக்கும் மூன்று மாதிரிகளில் இரண்டிலாவது உயர்ந்திருந்தால்தான் முடிவுக்கு வருவார்கள். அல்புமின் கசிவு சிறுநீரகத்தோடு நின்றுவிடும் செய்தி அன்று. உடல் முழுவதும் ரத்தக்குழாய்களின் உட்படலம் பழுதாகி வருவதற்கான அறிகுறியாகவும் அதைக் கொள்ள வேண்டும்.

கண்ணைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆண்டுக்கு ஒருமுறை, கண்மணியை விரியவைத்தோ விழித்திரையைப் படமெடுத்தோ பார்க்க வேண்டும். கண்ணாடிக் கடையில் எழுத்தைப் படிக்கச் சொல்வது இந்தப் பரிசோதனை ஆகாது. பார்வை தெளிவாக இருக்கும்போதே விழித்திரைக் கோளாறு முற்றியிருக்கக்கூடும். லேசர் சிகிச்சையும் கண்ணுக்குள் செலுத்தும் ஊசி மருந்தும் உரிய நேரத்தில் கிடைத்தால் பார்வையைப் பெருமளவு காப்பாற்றிவிடலாம். கர்ப்பமாக இருப்பவர்களுக்கும், மிக உயர்ந்திருந்த சர்க்கரையை வேகமாகக் குறைத்துக்கொண்டிருப்பவர்களுக்கும் விழித்திரைக் கோளாறு தற்காலிகமாக மோசமாகலாம் என்பதால் அவர்களுக்குக் கண்காணிப்பு கூடுதலாக வேண்டும்.

ரத்த அழுத்தத்தை ஒவ்வொரு மருத்துவச் சந்திப்பிலும் பார்க்க வேண்டும், வீட்டிலும் பார்த்துக் குறித்துவைப்பது நல்லது. ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, கையை இதயத்தின் உயரத்தில் வைத்து அளக்க வேண்டும். அதற்கு அரைமணி நேரம் முன்பிருந்தே காபி, தேநீர், புகையிலை கூடாது. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுத்துச் சராசரியைக் குறியுங்கள். எழுந்து நிற்கும்போது தலை சுற்றுகிறது என்றால் நின்ற நிலையிலும் அளக்கச் சொல்லுங்கள். நின்ற மூன்று நிமிடங்களுக்குள் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால், அது தன்னியக்க நரம்பு பாதிப்பாகவோ மருந்தின் விளைவாகவோ இருக்கலாம்.

படி 2: காலின் ரத்த ஓட்டத்தை அளக்கச் சொல்லுங்கள்

கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைக்காலிலோ தொடையிலோ பிடித்து இழுக்கும் வலி, நின்றால் சில நிமிடங்களில் அடங்குவது. இதுதான் கால் தமனி அடைப்பின் பாடப்புத்தக அறிகுறி. அடைப்பு முற்றினால் படுத்திருக்கும்போதே பாதம் வலிக்கும், காலைக் கட்டிலிலிருந்து கீழே தொங்கவிட்டால் ஆறுதலாக இருக்கும். நரம்புக் கோளாறால் வரும் எரிச்சலும் இரவில்தான் கூடும். ஆனால் காலைத் தொங்கவிடுவதால் அது குறைவதில்லை. இந்த வேறுபாட்டைக் கவனித்து மருத்துவரிடம் சொன்னால் அவருக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

பாதம் குளிர்ந்திருப்பது, ஒரு கால் மற்றதைவிட வெளிறியிருப்பது, தோல் பளபளவென்று மெலிந்திருப்பது, சிறு கீறலும் வாரக்கணக்கில் ஆறாமல் இருப்பது ஆகியவையும் குறிகள். எனினும் நரம்பு பழுதானவர்களுக்குச் சில நேரம் பாதம் கதகதப்பாகவே இருக்கும். ஆகவே தொட்டுப் பார்த்து மட்டும் முடிவு செய்ய முடியாது.

மருத்துவர் முதலில் பாதத்தின் மேற்புறத்திலும் கணுக்காலின் உட்புறத்துக்குப் பின்னாலும் நாடியைத் தொட்டுப் பார்ப்பார். அடுத்தது கணுக்கால்–கை ரத்த அழுத்த விகிதம். கணுக்காலில் எடுத்த மேல் அளவைக் கையில் எடுத்த அளவால் வகுப்பார்கள். ஊசி கிடையாது, வலி கிடையாது, ஒலியலையால் ரத்த ஓட்டத்தைக் கண்டறியும் ஒரு டாப்ளர் கருவியும் அழுத்தப் பட்டையும் போதும். விடை 0.9 அல்லது அதற்குக் கீழ் என்றால் காலில் அடைப்பு இருக்கிறது. 0.4-ஐ நெருங்கினால் நிலைமை கடுமையானது.

முன்னர் சொன்ன சுண்ணாம்புப் படிவு இங்கேதான் ஏமாற்றுகிறது. விறைத்துப்போன தமனியை அழுத்தப் பட்டையால் நசுக்க முடியாததால் கணுக்கால் அளவு பொய்யாக உயர்ந்துவிடும். 1.4-க்கு மேல் வந்தால் ரத்த ஓட்டம் அமோகம் என்று நினைத்துவிட வேண்டாம், அந்த எண்ணை நம்ப முடியாது என்றுதான் கொள்ள வேண்டும். இயல்பான எண் வந்தாலும் அறிகுறிகள் இருந்தால் சந்தேகம் தீராது. கால் கட்டைவிரலின் தமனிகளில் சுண்ணாம்பு அவ்வளவாகப் படிவதில்லை என்பதால், அங்கே அழுத்தத்தை அளப்பது நம்பகமானது. கட்டைவிரல் அழுத்தம் 30 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே போனால், புண் ஆறத் தேவையான ரத்தம் கிடைப்பதில்லை என்று பொருள். தாமதமின்றி ரத்தக்குழாய் அறுவை நிபுணரைப் பார்க்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கால் வீங்கியிருக்கிறது என்று கடையில் இறுக்கமான காலுறையை வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள். தமனியில் அடைப்பு இருக்கும் காலை மேலும் இறுக்கினால் இருக்கும் கொஞ்ச ரத்தமும் நின்று சதை கறுத்துப்போகலாம். ரத்த ஓட்டத்தை அளந்த பிறகே அந்த முடிவை எடுக்க வேண்டும்.

நரம்புக்கான பரிசோதனை இன்னும் எளிது. 10 கிராம் விசையில் வளையும் நைலான் இழையை உள்ளங்காலில் தொடுவார்கள், 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைக் கட்டைவிரல் எலும்பில் வைப்பார்கள். தொடுவதோ அதிர்வதோ தெரியவில்லை என்றால் பாதுகாப்பு உணர்வு போய்விட்டது என்று அர்த்தம். உணர்வும் ரத்த ஓட்டமும் நன்றாக இருப்பவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு கால் பரிசோதனை போதும். ஏதாவது ஒன்று குறைந்திருந்தால் ஆறு முதல் பன்னிரண்டு மாதங்களுக்கு ஒருமுறை. இரண்டும் குறைந்திருந்தாலோ பாதத்தின் வடிவம் மாறியிருந்தாலோ மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை. இவற்றோடு ஏற்கெனவே புண் வந்து ஆறியவர்கள், விரலை இழந்தவர்கள் ஒன்று முதல் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை காட்ட வேண்டும்.

படி 3: தினமும் பாதத்தைப் பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும்தான் கடைப்பிடிக்க முடியும் என்றால் இதைக் கடைப்பிடியுங்கள். பணம் வேண்டாம், கருவி வேண்டாம், இரண்டு மூன்று நிமிடம் போதும். கால் இழப்பில் முடியும் கதைகள் பெரும்பாலும் ஒரு சின்னப் புண்ணில்தான் தொடங்குகின்றன.

1. நல்ல வெளிச்சத்தில் உட்காருங்கள். உள்ளங்காலைப் பார்க்க முடியாவிட்டால் தரையில் கண்ணாடியை வைத்துப் பாருங்கள். பார்வை மங்கியவர்களுக்கு வீட்டில் உள்ள இன்னொருவர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

2. விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாக விரித்துப் பாருங்கள். சேற்றுப்புண் அங்கேதான் ஒளிந்திருக்கும், கிருமி நுழையும் வாசலும் அதுவே.

3. குதிகாலில் பித்தவெடிப்பு, உள்ளங்காலில் தடித்த தோல், கால் ஆணி, நக ஓரத்தில் சிவப்பு இருக்கின்றனவா என்று பாருங்கள். தடித்த தோலின் நடுவே கறுத்த புள்ளி தெரிந்தால் உள்ளே புண் இருக்க வாய்ப்பு அதிகம்.

4. புறங்கையால் இரண்டு பாதங்களையும் தொட்டு ஒப்பிடுங்கள். ஓரிடம் மட்டும் சூடாக இருந்தால் அங்கே தோலுக்குக் கீழே ஏதோ நடக்கிறது.

5. கழுவிய பின் விரல் இடுக்குகளை ஒற்றித் துடையுங்கள். வறண்ட தோலுக்குக் களிம்பு தடவலாம், ஆனால் இடுக்குகளில் தடவக் கூடாது. ஈரம் தங்கினால் அங்கே பூஞ்சை வளரும்.

வெந்நீரில் காலை ஊறவைப்பது, வெந்நீர்ப் பையை வைப்பது, நெருப்பில் காய்வது ஆகியவை உணர்வு குறைந்த காலுக்கு ஆகாதவை. நீரின் சூட்டைக் காலால் சோதிக்காமல் முழங்கையால் சோதியுங்கள். கால் ஆணியைப் பிளேடால் சீவுவதும், அதைக் கரைக்கும் அமிலப் பிளாஸ்திரியை ஒட்டுவதும் வேண்டவே வேண்டாம். நகத்தை நேராக வெட்டி ஓரங்களைத் தேய்த்துவிடுங்கள்.

வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்காதீர்கள். காலணி பாதத்தைவிடச் சற்று நீளமாக இருக்க வேண்டும், விரல்கள் நெருக்கப்படக் கூடாது. உணர்வு குறைந்தவர்களுக்கு இறுக்கமான காலணிதான் பொருத்தமாக இருப்பதாகத் தோன்றும். எனவே 'எனக்கு வசதியாக இருக்கிறது' என்ற உணர்வை நம்பாமல் அளவெடுத்து வாங்குங்கள். போடுவதற்கு முன் உள்ளே கைவிட்டுத் துழாவிப் பாருங்கள். புதிய காலணியை முதல் நாளே நாள் முழுவதும் போடாமல், சிறிது நேரம் போட்டுக் கழற்றித் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்த்துப் பழக்க வேண்டும்.

படி 4: புண் வந்துவிட்டால்

அதே நாள், அதிகம் போனால் மறுநாள் மருத்துவரிடம் காட்டுங்கள். வலிக்கவில்லை என்பதைக் காத்திருப்பதற்கான காரணமாக்காதீர்கள். வலிக்காத புண்ணே ஆபத்தானது. சிவப்பு பரவுவது, சீழ், நாற்றம், காய்ச்சல், குளிர் நடுக்கம், சதை கறுப்பது, காரணமே இல்லாமல் சர்க்கரை திடீரென ஏறுவது ஆகியவற்றில் ஏதாவது ஒன்று தெரிந்தால் மறுநாள்வரைகூடக் காத்திருக்கக் கூடாது.

புண் ஆற நான்கு வேலைகள் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும்: பாதத்தின் மீதுள்ள சுமையைக் குறைப்பது, செத்த திசுவை அகற்றுவது, தொற்றுக்கு மருந்து, ரத்த ஓட்டத்தைச் சீராக்குவது. கட்டு மாற்றுவதிலேயே கவனமெல்லாம் போய் முதலாவதும் கடைசியும் மறந்துபோவதுதான் அடிக்கடி நடக்கிறது. உள்ளங்காலில் புண்ணை வைத்துக்கொண்டு தினமும் அதன் மேலேயே நடந்தால் எந்த மருந்தாலும் ஆற்ற முடியாது. அழுத்தத்தைப் பரப்பும் சிறப்புக் கட்டு அல்லது காலணி தேவை. தகுந்த சிகிச்சை நடந்தும் நான்கு வாரங்களில் புண்ணின் பரப்பு பாதியாகக் குறையவில்லை என்றால், ரத்த ஓட்டமோ எலும்பில் தொற்றோ காரணமா என்று திரும்ப ஆராய வேண்டும்.

புண்ணே இல்லாமல் ஒரு பாதம் மட்டும் சிவந்து, சூடாகி, வீங்கியிருந்தால் அது சார்கோ பாதமாக இருக்கலாம். உணர்வற்ற பாதத்தின் எலும்புகளும் மூட்டுகளும் நொறுங்கிவரும் நிலை அது. சுளுக்கு என்று எண்ணி நடந்துகொண்டே இருந்தால் பாதத்தின் வளைவே சரிந்துவிடும். காலை ஊன்றாமல் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.

படி 5: சர்க்கரையோடு நின்றுவிடாதீர்கள்

நுண்குழாய்களைக் காப்பதில் சர்க்கரைக் கட்டுப்பாட்டின் பங்கு ஐயத்துக்கு இடமில்லாதது. பிரிட்டனில் 1977-இல் தொடங்கி, புதிதாக இரண்டாம் வகை நோய் கண்டறியப்பட்ட 5,000-க்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்த யு.கே.பி.டி.எஸ். ஆய்வின் முடிவுகள் 1998-இல் வந்தன. சர்க்கரையைத் தீவிரமாகக் கட்டுப்படுத்தியவர்களுக்கு நுண்குழாய்ப் பாதிப்புகள் 25 சதவீதம் குறைந்தன. மாரடைப்பில் அப்போது உறுதியான பலன் தெரியவில்லை. ஆய்வு முடிந்து பத்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது அதுவும் குறைந்திருந்தது. தொடக்க ஆண்டுகளில் எடுத்த அக்கறை பின்னாளில் பலன் தருகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

அதே ஆய்வில் ரத்த அழுத்தத்தை இறுக்கிப் பிடித்த பிரிவினருக்குப் பக்கவாதம் 44 சதவீதம் குறைந்தது. ஆகவே பெரிய தமனிகளைக் காக்க சர்க்கரை மட்டும் போதாது. டென்மார்க்கில் 160 பேரை வைத்து நடந்த ஸ்டெனோ-2 ஆய்வு சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு, வாழ்க்கை முறை அனைத்தையும் ஒருசேரக் கவனித்தது. எட்டு ஆண்டுகளுக்குள் இதய, ரத்தக்குழாய் நிகழ்வுகள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. 21 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, தொடக்கத்திலிருந்தே தீவிர சிகிச்சை பெற்றவர்களின் ஆயுள் ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் கூடியிருந்தது.

பெரும்பாலான பெரியவர்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் இலக்குகள் இவை: எச்பிஏ1சி 7 சதவீதத்துக்குக் கீழ். ரத்த அழுத்தம் 130/80-க்குக் கீழ். எல்.டி.எல். கொழுப்பு, ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 70 மில்லிகிராமுக்குக் கீழ், ஏற்கெனவே மாரடைப்போ பக்கவாதமோ கால் தமனி அடைப்போ வந்தவர்களுக்கு 55-க்குக் கீழ். இவை எல்லோருக்கும் பொருந்துபவை என்று எண்ண வேண்டாம். 2008-இல் அக்கார்டு ஆய்வில், எச்பிஏ1சியை 6-க்குக் கீழே கொண்டுவர முயன்ற பிரிவில் இறப்பு கூடியதால் அந்தப் பகுதியை முன்கூட்டியே நிறுத்தினார்கள். முதியவர்களுக்கும், சர்க்கரை அடிக்கடி தாழ்ந்துபோகிறவர்களுக்கும், இதய நோய் முற்றியவர்களுக்கும் தளர்வான இலக்கே பாதுகாப்பு.

புகையிலையைப் பற்றி எத்தனை முறை சொன்னாலும் தகும். புகைப்பவரின் காலில் அடைப்பு வேகமாக முற்றும், ஸ்டென்டும் பைபாஸும் சீக்கிரம் அடைபடும். குறைத்துக்கொள்கிறேன் என்பது போதாது, முழுவதும் விட வேண்டும். தனியாக முடியாவிட்டால் நிக்கோட்டின் மாற்று மருந்துகளும் ஆலோசனையும் இருக்கின்றன. கேட்டுப் பெறுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

படி 6: மருந்துகளைப் புரிந்துகொண்டு சாப்பிடுங்கள்

கெட்ட கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேடின் மருந்து பற்றி மக்களிடம் அச்சம் அதிகம். அது சர்க்கரையைச் சற்றே கூட்டக்கூடும் என்பது உண்மை. ஆனால் மாரடைப்பையும் பக்கவாதத்தையும் தடுக்கும் பலன் அதைவிட மிகப் பெரியது. தசைவலி வந்தால் மருத்துவரிடம் சொல்லி அளவையோ வகையையோ மாற்றிக்கொள்ளலாம், தானாக நிறுத்திவிடக் கூடாது.

ஆஸ்பிரின் நேர்மாறான கதை. ஏற்கெனவே ரத்தக்குழாய் நோய் வந்தவர்களுக்கு அது அவசியமான மருந்து. ஒன்றுமே வராதவர்கள் முன்னெச்சரிக்கையாகத் தாமே சாப்பிட்டால் ரத்தக்கசிவு ஆபத்து பலனை விழுங்கிவிடக்கூடும்.

சிறுநீரில் அல்புமின் கசிபவர்களுக்கு ஏ.சி.இ. தடுப்பான் அல்லது ஏ.ஆர்.பி. வகை ரத்த அழுத்த மருந்து சிறுநீரகத்தையும் சேர்த்துக் காக்கிறது. தொடங்கிய சில வாரங்களில் பொட்டாசியமும் கிரியாட்டினினும் பார்க்க வேண்டும். கர்ப்ப காலத்தில் இவை கூடாது.

2015-இல் எம்பாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை நோய் மருந்தின் ஆய்வு வெளிவந்த பிறகு சிகிச்சையின் போக்கே மாறியது. ஏற்கெனவே இதய, ரத்தக்குழாய் நோய் இருந்தவர்களிடம் நடந்த அந்த ஆய்வில் இதயநோய் இறப்பு 38 சதவீதம் குறைந்தது. எஸ்.ஜி.எல்.டி.2 தடுப்பான்கள் எனப்படும் இந்த வகை மருந்துகள் இதயச் செயலிழப்பையும் சிறுநீரகப் பாதிப்பையும் குறைக்கின்றன. ஜி.எல்.பி.1 வகை மருந்துகளில் லிராகுளூட்டைடு, செமாகுளூட்டைடு ஆகியவை மாரடைப்பு, பக்கவாத ஆபத்தைக் குறைக்கின்றன. இதய அல்லது சிறுநீரக நோய் உள்ளவர்கள் இவை தமக்குப் பொருந்துமா என்று கேட்க வேண்டும். எஸ்.ஜி.எல்.டி.2 மருந்து சாப்பிடுபவர்கள் வாந்தி, வயிற்றுப்போக்கு, உணவு உண்ண முடியாத நிலை, அறுவை சிகிச்சைக்கு முந்தைய நாட்கள் ஆகியவற்றில் அதை நிறுத்திவைப்பது பற்றி முன்கூட்டியே மருத்துவரிடம் தெளிவு பெற்றிருக்க வேண்டும். சர்க்கரை பெரிதாக ஏறாமலேயே, கொழுப்பு எரிவதால் உண்டாகும் கீட்டோன்கள் பெருகி ரத்தம் அமிலமாகும் ஆபத்து அந்த நேரங்களில் உண்டு.

படி 7: நடையையே மருந்தாக்குங்கள்

வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சி என்பது பொது விதி. கால் தமனி அடைப்பு உள்ளவர்களுக்கு நடைப்பயிற்சியே ஒரு சிகிச்சை முறை. கெண்டைக்கால் வலி ஓரளவு கூடும்வரை நடந்து, நின்று, வலி அடங்கியதும் மறுபடி நடக்க வேண்டும். இப்படி 30 முதல் 45 நிமிடம், வாரத்துக்கு மூன்று நாட்களாவது, குறைந்தது 12 வாரம் செய்தால் வலியின்றி நடக்கும் தூரம் கூடும். அடைப்பு கரைந்துவிடுவதில்லை, தசைகள் கிடைக்கும் ரத்தத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்தக் கற்றுக்கொள்கின்றன. பாதத்தில் திறந்த புண் இருப்பவர்களும் படுத்திருக்கும்போதே வலி வருபவர்களும் இந்தப் பயிற்சியைத் தொடங்கக் கூடாது. விழித்திரைக் கோளாறு முற்றியவர்கள் பாரம் தூக்குவது போன்ற மூச்சடக்கும் பயிற்சிகளைத் தவிர்க்க வேண்டும்.

படி 8: ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாத நேரங்கள்

திடீர் மூச்சுத்திணறல், காரணமில்லாத குளிர்ந்த வியர்வை, குமட்டல், தாடையிலோ இடது கையிலோ முதுகிலோ வலி, இதுவரை இல்லாத அசதி. நெஞ்சுவலியே இல்லாவிட்டாலும் இவை மாரடைப்பாக இருக்கலாம். வாயு என்று வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் அவசர ஊர்தியை அழைத்து, இ.சி.ஜி. எடுக்கும் வசதியுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தளர்வது, பேச்சு குழறுவது ஆகியவை பக்கவாதத்தின் குறிகள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பெரும்பாலும் நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும் என்பதால் அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சர்க்கரை மிகவும் தாழ்ந்தாலும் இதே அறிகுறிகள் வரலாம். கருவி கையில் இருந்தால் உடனே பாருங்கள், ஆனால் அதற்காகப் புறப்படுவதைத் தாமதப்படுத்தாதீர்கள்.

கால் திடீரென வெளிறி, சில்லிட்டு, கடுமையாக வலித்து, அசைக்க முடியாமல் போனால் தமனி முழுவதும் அடைத்துக்கொண்டிருக்கலாம். சில மணி நேரத்தில் காலையே இழக்க நேரிடும் என்பதால் இதற்கும் மாரடைப்புக்குள்ள அவசரம் உண்டு.

படி 9: மருத்துவரிடம் இப்படிப் போங்கள்

ஒரு நோட்டில் எச்பிஏ1சி, ரத்த அழுத்தம், எல்.டி.எல்., சிறுநீர் அல்புமின், கிரியாட்டினின், கடைசியாகக் கண்ணும் காலும் பார்த்த தேதிகள் ஆகியவற்றை எழுதி வைத்திருங்கள். சாப்பிடும் மருந்துகளின் அட்டைகளையே எடுத்துச் செல்லுங்கள். உள்ளே போனதும் செருப்பையும் காலுறையையும் கழற்றிவிடுங்கள். கழற்றிய காலைப் பார்க்காமல் அனுப்பும் மருத்துவர் குறைவு.

ஆஞ்சியோகிராம் எடுக்கச் சொன்னால், அதற்குச் செலுத்தும் சாய மருந்து சிறுநீரகத்தைப் பாதிக்குமா, மெட்ஃபார்மினை எப்போது நிறுத்தி எப்போது தொடங்க வேண்டும் என்று கேளுங்கள். விரலையோ காலையோ எடுக்க வேண்டும் என்று சொல்லப்பட்டால், காலின் ரத்த ஓட்டத்தை அளந்தார்களா, தமனிகளைப் படமெடுத்தார்களா, பலூன் சிகிச்சையோ பைபாஸோ செய்ய வழியிருக்கிறதா, ரத்தக்குழாய் அறுவை நிபுணர் ஒருவர் பார்த்துவிட்டாரா என்று கேளுங்கள். தொற்று வேகமாகப் பரவி உயிருக்கே ஆபத்தாக இருக்கும் நேரத்தில் அறுவையைத் தள்ளிப்போட முடியாது. மற்ற நேரங்களில் இந்தக் கேள்விகளுக்கு விடை கிடைத்த பிறகே சம்மதப் படிவத்தில் கையெழுத்திடுங்கள்.